வெனிஸ் நகரத்து வியாபாரிகள்: நைரேரேயின் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் கம்பரகே நைரேரே (1922–1999) பற்றிய வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்வன. 1954-இல் தங்கனீக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் தோன்றியது, 1961-இல் நாடு விடுதலை பெற்றது, 1967-இல் அருஷா பிரகடனம் வெளிவந்தது, 1985-இல் அவர் தாமாகவே பதவியினின்று விலகியது என அரசியல் நிகழ்வுகளைக் கோத்துச் செல்லும் அவை, அவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் இரண்டைச் சுவாகிலி மொழியில் பெயர்த்தார் என்னும் செய்தியை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆட்சியாளர் ஒருவரின் ஓய்வுநேர விருப்பம் என்ற அளவிலேயே அச்செய்தி அங்கு இடம்பெறுகின்றது. இக்கட்டுரை அந்த ஒரு வரியை விரித்து நோக்க முற்படுகின்றது. அவ்விரு நாடகங்களுள் ஒன்றின் தலைப்பில் அமைந்துள்ள ஒரு சொல், அவருடைய அரசியல் வாழ்வின் உயர்வையும் அதன் இடர்ப்பாட்டையும் ஒருங்கே காட்டுகின்றது என்பது நமது கருத்தாகும். ஆதலின், மொழிபெயர்ப்பு முழுவதனையும் வரிக்குவரி ஒப்பிடுவதை விடுத்து, தலைப்பையும் அது தோன்றிய சூழலையும் மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், ஆசிய மொழி நூல்களும் ஆப்பிரிக்க மொழி நூல்களும் ஒரே தளத்தில் அடுக்கப்பட்டிருந்த நூலகமொன்றில் அந்நூலை முதன்முதலாகக் கண்டோம். தேடிச் சென்றது தமிழ் நாடகநூல். கைக்கு வந்தது இது. அட்டையில் 'மபேபாரி வா வெனிசி' என்றிருந்தது. சுவாகிலி அறியாத நிலையிலும் முதற்சொல் செவிக்குப் பழகிய ஒலியாகவே பட்டது. பேபாரி, வியாபாரி. இஃது ஒலி ஒற்றுமையால் விளைந்த மயக்கமாக இருக்கலாம் என்றே அன்று எண்ணினோம். பின்னர் ஆராய்ந்தபோது மயக்கம் ஏதுமில்லை என்பது தெளிந்தது.

ஆசிரியரும் அவர்தம் மொழிகளும்

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே உள்ள புத்தியாமா என்னும் ஊரில், சனாக்கி இனக்குழுத் தலைவர் ஒருவரின் மகனாக நைரேரே பிறந்தார். பன்னிரண்டு வயதளவில்தான் முசோமாவில் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அவருடைய தாய்மொழி சனாக்கி. சுவாகிலி பள்ளியில் கற்ற மொழி. ஆங்கிலம் அதற்கும் பின்னர் வந்தது. தபோரா அரசுப் பள்ளி, உகாண்டாவின் மக்கரேரே கல்லூரி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் எனத் தொடர்ந்த அவருடைய கல்வி 1952-இல் முதுகலைப் பட்டத்தோடு நிறைவுற்றது. நாடு திரும்பித் தாருஸ்ஸலாம் நகரை அடுத்த புகுவில் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் கற்பித்தார். அரசியல் பணியின் பொருட்டு 1955-இல் அவ்வேலையைத் துறந்தார். ஆயினும் இறுதிவரை மக்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர். 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது; தமிழ் முஸ்லிம்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் அயலான சொல்லன்று.

இதில் நாம் உற்றுநோக்க வேண்டியது, அவருடைய மொழிபெயர்ப்புப் பணியில் மூலமொழியும் அவர் தாய்மொழியன்று, பெயர்ப்புமொழியும் தாய்மொழியன்று என்பதே. மூன்றாம் மொழியிலிருந்து இரண்டாம் மொழிக்கு அவர் பெயர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் சுவாகிலி கடற்கரையோர மக்களுக்கு மட்டுமே தாய்மொழி. உள்நாட்டினருக்கு அது சந்தையிலும் பள்ளியிலும் கற்றுக்கொண்ட மொழி. பெரிய இனக்குழு எதற்கும் உரிமையாகாமையே அதனைத் தேசிய மொழியாக்கும் தகுதியைத் தந்தது எனலாம். அத்தகைய பொதுமொழி சந்தைக்கு மட்டுமன்று, உயரிய சிந்தனைக்கும் போதும் என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவை இருந்தது. நைரேரே ஷேக்ஸ்பியரை நாடியது இத்தேவையின் பொருட்டே. ஒரு மொழியின் வளம் அதனைப் புதிய பணிகளுக்குப் பயன்படுத்துவதால்தான் பெருகும் என்பது அவருடைய நிலைப்பாடு.

'ஜூலியஸ் சீசர்' முதலில் வந்தது, 1963-இல் அச்சேறியது. 1969-இல் திருத்திய பதிப்பு வெளிவந்தபோது நூலின் பெயரும் 'ஜூலியாசி கைசாரி' எனச் சுவாகிலி ஒலிவடிவம் முழுமையாகப் பெற்றிருந்தது. திருமுழுக்கின்போது ஜூலியஸ் என்னும் பெயரை ஏற்ற ஒருவர், மற்றொரு ஜூலியஸ் படுகொலை செய்யப்படும் நாடகத்தைப் பெயர்த்தது விந்தையான பொருத்தம். 1963 சனவரியில் டோகோ நாட்டின் அதிபர் சில்வானஸ் ஒலிம்பியோ படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1964 சனவரியில், நைரேரேயின் சொந்தப் படையே கலகம் செய்தது. அவர் சில நாள் தலைமறைவாக இருக்க நேர்ந்தது. அடக்குவதற்குப் பிரிட்டிஷ் படையையே அழைக்க வேண்டியதாயிற்று. இப்பொருத்தத்தைச் சுவைபட விரித்துரைப்போர் பலர். ஆயினும் அது தற்செயலே. தற்செயலாகாத செய்தி இரண்டாவது நாடகத்தில்தான் இருக்கின்றது.

யாப்பைப் பற்றி ஒரு சொல்

அதற்கு முன்னர், யாப்பைப் பற்றிச் சிறிது கூறுதல் தமிழாசிரியர்களுக்குப் பயனுடைத்து. சுவாகிலி மரபுச்செய்யுளில் 'வீனா', 'மிசானி' என்னும் இரண்டும் இன்றியமையாதவை. வீனா என்பது இயைபு. மிசானி என்பது அசையெண்ணிக்கையின் அளவு. இவை இல்லாததனைச் செய்யுளென ஏற்காத கடுமை அம்மரபில் உண்டு. நைரேரே ஷேக்ஸ்பியரின் இயைபற்ற பாவினைப் பின்பற்றி இயைபின்றியே பெயர்த்தார். இயைபும் அளவும் வேண்டுமா வேண்டாவா என்னும் பூசல் சுவாகிலி உலகில் பெரிதாக மூண்டது எழுபதுகளில்தான். கெசிலஹாபியின் 'கிச்சோமி' கவிதைத் தொகுதி வந்தது 1974-இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நாட்டின் தலைவர் இயைபற்ற அடிகளை நூலாக அச்சிட்டிருந்தார். நமது புதுக்கவிதை வழக்காடலை நினைவுகூர்வோருக்கு இதன் சுவை புலப்படும். அவரே முதுமையில் விவிலியப் பகுதிகளை 'உதென்சி' என்னும் பழைய யாப்பில், எட்டசை அடிகளில், இயைபோடு பாடினார் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். மரபு அறியாமல் மரபை மீறியவர் அல்லர் அவர்.

பேபாரி

'மபேபாரி வா வெனிசி' 1969-இல் வெளிவந்தது. மூலத்தின் தலைப்பு 'வெனிஸ் நகரத்து வணிகன்' என ஒருமையில் உள்ளது. சுவாகிலியில் 'மா' என்னும் முன்னொட்டு பன்மையைக் காட்டும். பேபாரி ஒருவர், மபேபாரி பலர். முதல் மாற்றம் இதுவே. ஒருவன் பலராகிவிட்டான்.

இரண்டாவது மாற்றம் சொற்பொருளில் நிகழ்ந்தது. வணிகனைக் குறிக்கச் சுவாகிலியில் வேறு சொற்களும் உண்டு. 'தாஜிரி' என்பது அரபுவழி வந்த பழஞ்சொல். செல்வமுடைய வணிகர் என்று பொருள்படும். வணிகம் செய்பவர் என நேர்ப்பொருள் தரும் தொடர்ச்சொல்லும் வழக்கில் இருந்தது. அவற்றை விடுத்து அவர் 'பேபாரி' என்பதைத் தேர்ந்தார். இது குஜராத்தி, இந்துஸ்தானி வணிகர்களின் வாயிலாகக் கிழக்காப்பிரிக்கக் கரையில் இறங்கிய சொல். 'காரி' (வண்டி), 'பீமா' (காப்புறுதி), 'ஹுண்டி' முதலிய சொற்கள் சென்ற அதே மரக்கலங்களில் சென்றது. தொடக்கத்தில் வணிகர், சிறப்பாக இந்திய வணிகர், என்பதே அதன் பொருள். பொதுவுடைமைச் சிந்தனை சுவாகிலியில் பேசப்படத் தொடங்கியபோது, 'மூலதனம் உடையவர், பிறர் உழைப்பில் வாழ்பவர்' என்னும் கோட்பாட்டுப் பொருளைச் சுமக்க ஒரு சொல் தேவைப்பட்டது. பேபாரி அச்சுமையை ஏற்றது. அதனோடு 'ஊ' என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் 'ஊபேபாரி', அதாவது முதலாளித்துவம். 1967 பிப்ரவரி 5-ஆம் நாள் வெளியான அருஷா பிரகடனத்தின் சுவாகிலி வடிவம் எதிர்த்து நின்றது இந்த ஊபேபாரியைத்தான். மறுநாளே வங்கிகள் நாட்டுடைமையாயின.

எனவே 1969-இல் அந்நூலை வாங்கிய வாசகர் அட்டையில் கண்டது ஒரு வணிகனை அன்று. வெனிஸ் நகரத்து முதலாளிகளைக் கண்டார். அரசு எதிர்க்கின்ற ஒரு வகுப்பைக் கண்டார்.

நாடக விமரிசனம் என்ற முறையில் இப்பன்மை வலிமை வாய்ந்தது என்றே நாம் மதிப்பிடுகின்றோம். மூலத்தில் வணிகன் எனப்படுபவன் அந்தோனியோ. எனினும் எத்தனையோ வாசகர் அத்தலைப்பு ஷைலாக்கைச் சுட்டுவதாகவே கருதுகின்றனர்; நமது மாணவர்களும் அவ்வாறே விடையெழுதுகின்றனர். நீதிமன்றக் காட்சியில் உள்ளே நுழையும் போர்ஷியா, இங்கே வணிகர் யார், யூதர் யார் என்று வினவுகிறாள். நைரேரேயின் தலைப்பு அவ்வினாவிற்கு நாடகம் தொடங்குமுன்னரே விடையளித்துவிடுகின்றது: இருவரும் வணிகரே. கப்பல்களில் பண்டம் ஏற்றி ஆதாயம் தேடும் அந்தோனியோவும் வட்டியில் ஆதாயம் தேடும் ஷைலாக்கும் ஒரே வகுப்பினர். ஒருவன் நல்லவனாகவும் மற்றவன் கொடியவனாகவும் தோன்றுவது அவர்களுடைய சமயத்தால் அன்று என்று இத்தலைப்பின்வழிப் படிக்க இடமுண்டு. யூத வெறுப்பின் கறை படிந்த நாடகத்தில் அக்கறையைக் கழுவ முயன்ற பன்மை இது. ஐரோப்பிய மேடைகள் நெடுங்காலம் செய்யத் தவறியதை ஓர் ஒட்டெழுத்து செய்ய முனைகின்றது.

நம்மவர் செய்தவற்றை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை 'வாணிபுர வணிகன்' எனத் தமிழாக்கினார். வெனிஸ் வாணிபுரமாயிற்று, வணிகன் ஒருமையிலேயே நின்றான். முதலியார் ஊரை மாற்றி வணிகனை வைத்துக்கொண்டார். நைரேரே ஊரை வைத்துக்கொண்டு வணிகனை மாற்றினார். முன்னவருக்குத் தமிழ் மேடையில் நாடகம் அயலாகத் தோன்றாதிருக்க வேண்டும் என்பது நோக்கம். பின்னவருக்கு வெனிஸ் அயலாகவே இருக்கலாம். அங்கு நடப்பது நமக்குத் தெரிந்ததே என்று வாசகர் உணர்ந்தால் போதும்.

இடர்ப்பாடு தொடங்குவதும் இங்கேதான். வாசகருக்குத் தெரிந்த பேபாரி யார்? ஆங்கிலேயர் காலத்துத் தங்கனீக்காவில் ஆட்சி ஐரோப்பியர் கையிலும், கடைத்தெரு இந்தியர் கையிலும், நிலத்து உழைப்பு ஆப்பிரிக்கர் கையிலும் இருந்தன. சிற்றூர்களில்கூடத் துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் விற்ற கடைக்காரர் பெரும்பாலும் குஜராத்தியராகவோ கட்சு நாட்டவராகவோ இருந்தார். 'பேபாரி' என்றால் மனக்கண்முன் வந்து நிற்பவர் அவரே. நூலில் யூத வணிகரைச் சமயப் பழியினின்று விடுவித்த அதே சொல், தெருவில் இந்திய வணிகரின்மேல் வகுப்புப் பழியை ஏற்றியது. ஷேக்ஸ்பியர், சுவாகிலி, சமதர்மம் ஆகிய மூன்றையும் இணைத்து வரலாற்றறிஞர் பைசல் தேவ்ஜி 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இப்பொருள் ஆய்வாளரிடையே கவனம் பெற்றது. ஆயினும் நைரேரேயின் வாழ்க்கையை மதிப்பிடுவோர் இதனை அவருடைய அரசியல் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தது குறைவு.

நைரேரே இந்தியரை வெறுத்தவர் என்று எவரேனும் இதிலிருந்து முடிவு கட்டுவாராயின் அஃது உண்மைக்கு முற்றிலும் புறம்பானதாகும். விடுதலைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1961 அக்டோபரில், குடியுரிமைச் சட்ட முன்வரைவு சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, ஆப்பிரிக்கருக்கு மட்டுமே குடியுரிமை என்று உறுப்பினர் சிலர் வாதிட்டனர். தோலின் நிறத்தை வழிபடுவோரை நாஜிகளோடு ஒப்பிட்டு நைரேரே கண்டித்தார். முன்வரைவு தோற்றால் அரசு பதவி விலகும் என்றார். அக்காலத்துப் புதிய தலைவர்களுள் இவ்வளவு துணிவோடு பெரும்பான்மையினரின் எண்ணத்திற்கு எதிராக நின்றவர் அரியர். இந்திய வம்சாவளியினரான அமீர் ஜமால் அவருடைய அமைச்சரவையில் நெடுங்காலம் நிதியமைச்சராக இருந்தார். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியரை வெளியேற்றியபோது அதனை இனவெறி என்று வெளிப்படையாகச் சாடிய ஆப்பிரிக்கத் தலைவர் நைரேரே. இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசு 1995-இல் நிறுவப்பட்டபோது முதலில் அதனைப் பெற்றவரும் அவரே.

இத்தகைய ஒருவர் அச்சொல்லைத் தேர்ந்தார் என்பதே கேள்வியை ஆழமாக்குகின்றது. வகுப்பும் இனமும் ஒன்றென மயங்கினால் என்ன நேரும் என்பதை அவர் அறியாதவரல்லர். 1964 சனவரி 12-ஆம் நாள் சான்சிபாரில் நிகழ்ந்த புரட்சியில் அராபியரும் இந்தியரும் சுரண்டுவோர் என்னும் பெயரால் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர், பலர் தப்பியோடினர். அந்தச் சான்சிபாரோடுதான் அதே ஆண்டு ஏப்ரலில் தங்கனீக்கா இணைந்து தான்சானியா ஆயிற்று. ஐந்தாண்டு கழித்து வெளிவந்தது இந்நூல்.

1971-இல் வாடகைக்கு விடப்பட்ட பெரிய கட்டடங்களை அரசு கையகப்படுத்தியது. சட்டத்தில் இனம் என்ற சொல்லே இல்லை. அது வகுப்பை நோக்கி எழுதப்பட்ட சட்டம். கொள்கை அளவில் நைரேரே தம் சொல்லுக்கு உண்மையாகவே இருந்தார். ஆனால் கட்டடங்களின் உரிமையாளர் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தியப் பெயர்கள். வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் முடக்கியிருந்த நடுத்தரக் குடும்பங்களும் அதில் அடங்கின. எழுபதுகளில் ஆயிரக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். எவரும் துப்பாக்கி முனையில் விரட்டப்படவில்லை. உகாண்டாவோடு இதனை ஒப்பிடுவது அநீதி. எனினும் சட்டம் 'முதலாளி' என்று கூறியதைத் தெரு 'இந்தியர்' என்று கேட்டது. அந்தக் கேட்பை மொழி முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருந்தது என்பதே நமது வாதம்.

சொல் ஒருவர் படைத்ததன்று, மக்கள் வழக்கில் இருந்ததை அவர் எடுத்தாண்டார், அவ்வளவே என்று மறுக்கலாம். உண்மைதான். மொழிபெயர்ப்பாளர் சொற்களைப் படைப்பதில்லை, தேர்கிறார். ஆனால் தேர்ந்தவர் நாட்டின் அதிபர்; சுவாகிலியை வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டு மொழிபெயர்த்தவர்; மக்கள் 'ஆசிரியர்' என்று அழைத்தவர். அவர் ஒரு சொல்லை அட்டையில் ஏற்றினால் அது பாடச்சொல்லாகிவிடும்.

மலேசிய, சிங்கைத் தமிழருக்கு இது தொலைவான செய்தியன்று. மலாய் மொழியில் 'செட்டி' என்னும் சொல் வட்டிக்குக் கடன் கொடுப்பவரைக் குறிக்கும் பொதுப்பெயராக வழங்குவதை நாம் அறிவோம். ஒரு குலத்தின் பெயர் தொழிலின் பெயராகி, அத்தொழிலின்மீதுள்ள வெறுப்பு மீண்டும் அக்குலத்தின்மேல் படியும் முறையை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை. மலாய் எழுத்தாளர் ஒருவர் ஷைலாக்கைச் செட்டி என்று பெயர்த்தால் எப்படியிருக்கும் என எண்ணிப் பார்த்தால், தாருஸ்ஸலாம் நகரத்து இந்தியக் கடைக்காரரின் நிலை புலப்படும்.

சொல்லும் செயலும் விலகிய இடங்கள்

அவருடைய வேறு சில சொற்களும் இத்தகைய விதிக்கு ஆளாயின. 'உஜமா' என்பது குடும்பம், உறவு எனப் பொருள்படும் 'ஜமா' என்பதிலிருந்து வந்தது. நாம் அறிந்த 'ஜமாஅத்', மலாய் 'ஜெமாஆ' ஆகியவற்றோடு ஒரே வேருடையது. குடும்பமாக வாழ்தல் என்று அவர் விளக்கினார். ஆனால் 1973 முதல் 1976 வரை, சிதறிவாழ்ந்த உழவர்களைக் கூட்டுச் சிற்றூர்களில் குடியேற்றும் பணியில் வற்புறுத்தல் மிகுந்தது. அதிகாரிகள் பழைய வீடுகளை இடித்தும் எரித்தும் மக்களைப் பெயர்த்தனர். குடும்பம் என்ற சொல் வீடிழந்தவரின் காதில் எவ்வாறு ஒலித்திருக்கும்? 1967-ஆம் ஆண்டிலேயே அலி மஸ்ருயி, தான்சானியாவின்மீது மேலைநாட்டு அறிவாளர் கொண்ட மயக்கத்தைத் 'தான்சாஃபிலியா' எனப் பெயரிட்டுச் சுட்டினார். அம்மயக்கம் இன்றும் சில நூல்களில் தெளியவில்லை.

கல்வி மொழியிலும் இவ்விலகலைக் காண்கின்றோம். 1967 முதல் தொடக்கப்பள்ளிகளில் சுவாகிலியே பயிற்றுமொழியாயிற்று. ஷேக்ஸ்பியரையே தாங்கும் மொழி இடைநிலைப்பள்ளியின் இயற்பியலைத் தாங்காதா? 1982-இல் அதிபர் அமைத்த கல்வி ஆணையம் தாங்கும் என்றே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. ஆங்கிலம் உலகத்தின் சுவாகிலி என்று 1984-இல் நைரேரே கூறியது பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. இருபதாண்டுகளுக்கு முன்னர் இயைபற்ற பாவில் சீசரைப் பேசவைத்தவரின் சொற்களா இவை என்று வியப்புத் தோன்றும். பல மொழிகளைக் கடந்து மேலேறியவர் ஏணியின் ஒரு படியைப் பிறர்க்கு மறுக்கத் தயங்கியிருக்கலாம். தொடக்கப்பள்ளியோடு பயிற்றுமொழி மாறிவிடும் மாணவர்களை நாளும் காணும் தமிழாசிரியர்கள் அத்தயக்கத்தைப் புரிந்துகொள்வர். அதன் விளைவையும் அறிவர்.

இக்கட்டுரைக்குத் தலைப்பிட வேண்டி நின்றபோது நாமும் அதே இடர்ப்பாட்டில் அகப்பட்டோம். நைரேரேயின் தலைப்பைத் தமிழுக்குத் திருப்பினால் என்னவென்று எழுதுவது? 'வெனிஸ் முதலாளிகள்' என்றால் அருஷா பிரகடனத்தின் பொருள் சரியாக வந்துவிடுகின்றது. ஆனால் தமிழில் 'முதலாளி' என்பது கடைச்சிப்பந்தி அன்போடும் அழைக்கும் சொல். அதில் எந்த இனத்தின் சாயலும் இல்லை. 'வெனிஸ் வணிகர்' என்றால் தூய்மையாக இருக்கின்றது. இரண்டு பொருளும் போய்விடுகின்றன. 'செட்டிமார்' என்று எழுதிப் பார்த்தோம், அடித்துவிட்டோம். இறுதியில் 'வியாபாரிகள்' என்று விட்டது, அச்சொல் ஒருகாலத்தில் இங்கிருந்து அங்குச் சென்ற சொல்லின் உடன்பிறப்பு என்ற ஒரே காரணத்தால்தான்.